எனக்கு வேண்டாத மாத்திரை

கழுத்தின் அடியில் வளைவாக ஒரு தழும்போடு நடமாடுகிற பெண்கள் நம் ஊர்ப்பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். சங்கிலிக்குள் மறைந்திருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எனக்கும் இருக்கிறது. தைராய்டை எடுத்தாயிற்று, அந்த நோய்க்கும் நமக்கும் இனி ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளை பெறத் தயாராகிற யாராவது இதைப் படித்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன். பயமுறுத்துவதற்கு அல்ல. இதை எழுதும்போது என் மகள் பக்கத்தில் பாயில் மல்லாந்து கிடந்து, தன் கால் பெருவிரலை வாயில் போடப் படாதபாடு படுகிறாள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது.

என் பெயர் எஸ்தர். லிங்கிப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. அந்தக் காலத்தில் கிராணி என்றால் அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக ஓர் ஆண்பிள்ளை. இப்போது கம்ப்யூட்டர் முன்னால் நான். தோட்டத்தில் மிச்சமிருக்கிற பழைய ஆட்கள் 'கிராணியம்மா' என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார்கள். வீடு மம்பாவில். கணவர் அருள், செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமனார் எங்களோடு இருக்கிறார். குலை வெட்டும் ஆட்களுக்கு மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது பேரை எஸ்டேட்டின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். வீட்டுக்குள் பேசினாலும் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்வார்.

கல்யாணமான புதிதில் எனக்கு அந்த நோய் வந்தது. முதலில் அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை. இளைத்துக்கொண்டே போனேன், ஆபீசில் மற்றப் பெண்கள் என்ன சாப்பிடுகிறாய் என்று ரகசியம் கேட்டார்கள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன். காலையில் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, பத்து மணிக்கு மறுபடி பசி. ஏர்கோன் அறையில் வியர்த்துக் கொட்டியது. நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளைப் போல நெஞ்சு அடித்தது. விரல்கள் நடுங்கி ஒரே எழுத்தை மூன்று முறை தட்டினேன். கடைசியில் டாக்டரிடம் போனபோது, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்கள்.

தைராய்டு என்பது கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக எரிய வேண்டும், சாப்பிட்டதை எவ்வளவு சீக்கிரம் செலவழிக்க வேண்டும், இதயம் எந்த ஓட்டத்தில் ஓட வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தேன். குறைந்தது, நிறுத்தியதும் திரும்ப வந்தது. கடைசியில் ஆபரேஷன் செய்து முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, இல்லாத சுரப்பிக்குப் பதிலாக, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஹார்மோன் மாத்திரை. உடம்பு தேறியது. நடுக்கம் போனது. அந்த நோயை மறந்தே போனேன்.

அதன் பிறகு ஒரு முறை கருவுற்றேன். மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டாம் முறை தங்கியபோது நாங்கள் மூவரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூடத் தயங்கினோம். மாமா மட்டும் கோயிலில், பாதருக்குக் கேட்கிற அளவுக்கு ஜெபம் செய்தார்.

எங்கள் வட்டாரக் கிளினிக்கில் என் பெயரைப் பதிந்த மிஸி, அதாவது நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண். ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே என் கழுத்தைக் கவனித்தார்.

"இது என்ன தழும்பு, அடிக்?" தங்கச்சிக்கு மலாயில் அடிக், அக்காவுக்குக் காக்.

"தைராய்டு எடுத்தது."

"ஏன் எடுத்தாங்க? கட்டி இருந்துச்சா, இல்ல ரொம்பச் சுரந்துச்சா?"

"ரொம்பச் சுரந்துச்சு. ஆனா அது எல்லாம் முடிஞ்சு போச்சு, காக். இப்ப நான் நல்லா இருக்கேன்."

மிஸி பேனாவை வைத்துவிட்டு எழுந்து டாக்டர் அறைக்குள் போனார். திரும்பி வந்து, இன்னும் ஒரு குப்பி ரத்தம் எடுக்க வேண்டும், அது வெளியூர் ஆய்வுக்கூடத்துக்குப் போகும் என்றார். எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. பிள்ளைக்காகப் பாத்து வச்சுக்குவோம்" என்றார். அந்த வார்த்தை வீடு வரைக்கும் என்கூடவே வந்தது.

முடிவு வந்ததும் சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பிரசவப் பிரிவின் நிபுணர் டாக்டர் லிம். ஒல்லியான, நடுவயதுச் சீனப் பெண். மலாயில்தான் பேசுவார், நடுநடுவே 'வலிக்குதா', 'பயப்படாதே' என்று இரண்டு தமிழ்ச் சொற்கள் வரும். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி எழுதுகிறேன்.

எனக்கு வந்தது சுரப்பியின் நோயே அல்ல. கிருமிகளை எதிர்த்துச் சண்டை போட நம் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் என்று சில புரதங்கள் இருக்கின்றன. என் உடம்பு எப்படியோ தவறிப்போய், என் தைராய்டையே குறிவைக்கிற ஓர் எதிர்ப்பொருளைத் தயாரித்துவிட்டது. அதுதான் சுரப்பியை விரட்டி விரட்டி வேலை வாங்கியது. சுரப்பியை எடுத்துவிட்டார்கள். ஆனால் எதிர்ப்பொருள் அப்படியே இருக்கிறது, இத்தனை வருஷமாக என் ரத்தத்தில் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டு. என்னிடம் தைராய்டு இல்லை; அதனால் எனக்குத் தெரியவில்லை. இப்போது வயிற்றில் ஒரு பிள்ளை. தாயிடமிருந்து நல்ல எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவது இயற்கையின் ஏற்பாடு. பிறந்த புதிதில் அதற்கு அவைதான் காவல். அந்தக் கூட்டத்தோடு இதுவும் போகும்.

"பிள்ளையோட தைராய்டு ஐந்தாம் மாசம் வாக்குல வேலை செய்ய ஆரம்பிக்கும்" என்றார் டாக்டர் லிம். "அப்ப இது போய் அதைப் பிடிச்சுக்கலாம். பிடிக்காமலும் போகலாம். உங்க அளவு ரொம்ப அதிகமா இருக்கு. அதனால அடிக்கடி ஸ்கேன் பார்க்கணும்."

அருள் கேட்டார்: "பிடிச்சா என்ன ஆகும், டாக்டர்?"

"உங்க மனைவிக்கு என்ன ஆச்சோ அதுதான். நெஞ்சு வேகமா அடிக்கும், எடை ஏறாது. பெரியவங்க தாங்குவாங்க. பிள்ளை ரொம்ப நாள் தாங்காது."

நான் முன்பு கலைந்த பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அதுவும் இதனால்தானா? மூன்றாம் மாதத்தில் பிள்ளைக்குத் தைராய்டு வேலை செய்வதில்லை, அதனால் இதுவாக இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்பதை அவ்வளவு நேராகச் சொன்னதால்தான், பிறகு அவர் தெரியும் என்று சொன்னதையெல்லாம் நம்பினேன்.

திரும்பும் வழியில், ராசா என்ற இடத்துச் சந்திப்பில் அருள் காரை நிறுத்தினார். விளக்கு பச்சையானதும், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் முன்பே என் ரத்தத்திலிருந்து என்னத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு.

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பது ஒரு தனி உலகம். நீல நாற்காலிகள், சுவரில் தாய்ப்பால் படங்கள், நம்பர் கூப்பிடுகிற யந்திரக் குரல். எல்லாப் பெண்களும் வயிற்றில் கை வைத்திருப்பார்கள். முதல் இரண்டு ஸ்கேனும் நன்றாக இருந்தன. மூன்றாவதில், பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தபோது, குதிரை ஓடுகிற சத்தம் போல வந்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஸ்கேன் பார்த்த பெண் சிரிப்பை நிறுத்திவிட்டாள். நூற்று அறுபதுக்குள் இருக்க வேண்டியது நூற்று எண்பதைத் தாண்டி நின்றது. பிள்ளையின் கழுத்தில் சுரப்பியும் லேசாக வீங்கியிருந்தது.

அன்றே வார்டில் சேர்த்தார்கள்.

வைத்தியம் விசித்திரமானது. எனக்கு முன்பு கொடுத்த, தைராய்டை அடக்குகிற அதே மாத்திரையை மறுபடி சாப்பிட வேண்டும். எனக்குத் தைராய்டே இல்லை. என்னை அது ஒன்றும் செய்யாது. நச்சுக்கொடி வழியாகப் போய்ப் பிள்ளையின் சுரப்பியை அடக்கும். அதே நேரத்தில் எனக்கான ஹார்மோன் மாத்திரையை நான் விடக்கூடாது. அது பெரும்பாலும் பிள்ளைக்குப் போகாது. ஒரே வாயில் இரண்டு மாத்திரை, ஒன்று எனக்கு, ஒன்று பிள்ளைக்கு. மருந்து கொண்டுவந்த புது மிஸி ஒருத்தி இரண்டையும் பார்த்துக் குழம்பி, "இது ஒண்ணுக்கொண்ணு எதிரா இருக்கே" என்று டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

மாமா வார்டுக்கு வந்தார். கையில் அடுக்குப் பாத்திரம், லிங்கியில் வாங்கின இறால் போட்டு அவரே வைத்த சொதி. அருள் அவருக்கு விளக்கம் சொன்னார். மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து வேலை செய் என்று சுரப்பிக்குச் சொல்லும், வேண்டிய அளவு ஆனதும் நிறுத்தும். இந்த எதிர்ப்பொருள் அதே மாதிரி வேஷம் போட்டு வந்து நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்று. மாமா யோசித்தார்.

"பொய் மண்டோரு" என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. "காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல வந்து நின்னுக்கிட்டு, தொரை சொல்லாமலே வேல ஏவுறான். ஆளுங்க ராப்பகலா வெட்டுறாங்க. அதானே?"

"அதாம்ப்பா. மெதுவாப் பேசுங்க."

"அவன யாரு உள்ள வுட்டா?"

"நாந்தான், மாமா" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு, அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத அளவுக்கு மெதுவாக, "நீ என்னம்மா பண்ணுவ. ஒன் ஒடம்புக்கே தெரியாம பண்ணுது" என்று சொல்லி, பாத்திரத்தைத் திறந்து சோற்றைப் பிசைந்து என் பக்கம் நகர்த்தினார்.

பிறகு அருள் சொல்லித்தான் தெரியும். அன்று முதல் மாமா வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் காதில் வைத்துக் கேட்கிற அளவுக்குக் குறைத்துவிட்டாராம். பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கிறது, சத்தம் ஆகாது என்பது அவர் முடிவு. நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பிள்ளை என் வயிற்றில் இருக்கிறது, மம்பாவ் ரேடியோ சிரம்பானுக்குக் கேட்காது என்று அருள் சொல்லிப் பார்த்திருக்கிறார். "அவ வீட்டுக்கு வர்றப்ப பழகியிருக்கணும்லா" என்றாராம். அடுத்த வீட்டுப் பையனிடம் போய், மோட்டார் சைக்கிளைச் சந்திப்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஸ்டார்ட் பண்ணு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவனும் தள்ளியிருக்கிறான், பாவம்.

பக்கத்துக் கட்டிலில் இரட்டைப் பிள்ளை சுமந்த மலாய்ப் பெண். நான் மாத்திரை போடும்போதெல்லாம் அவரும் தண்ணீர்க் கோப்பையை உயர்த்திக் காட்டி என்னோடு சேர்ந்து ஒரு மடக்குக் குடிப்பார். பெயரைக் கேட்டுக்கொள்ளவே தோன்றவில்லை எங்கள் இருவருக்கும். அந்த மடக்குத் தண்ணீர் எனக்குப் பெரிய துணையாக இருந்தது.

அங்கேதான் பவானி வந்தார். டாக்டர்தான், ஆனால் நோயாளியைப் பார்க்கிற டாக்டர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இந்த எதிர்ப்பொருள்களையே ஆராய்கிறவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கிளார்க்காகச் சிரம்பானுக்கு வந்தவராம். தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, அதை அவரே சொல்லிச் சிரித்தார். என் ரத்தத்தில் கொஞ்சம் ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று கேட்க வந்திருந்தார்.

"என்ன ஆராய்ச்சி?" என்றேன். படுத்துப் படுத்து எனக்கும் பொழுது போகவில்லை.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "தைராய்டு செல்லோட மேல் தோல்ல ஒரு புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கு ஏற்பின்னு பேர். ரிசெப்டர். வாசல்ல இருக்கிற பெல் மாதிரி. மூளையோட ஹார்மோன் வந்து பெல்ல ஒரு தரம் அழுத்தும், உள்ள வேலை நடக்கும், ஹார்மோன் போயிடும். உங்க எதிர்ப்பொருள் அழுத்தின விரல எடுக்கிறதே இல்ல."

"மாமனாரு அத பொய் மண்டோருங்கிறாரு."

"அது என்னோட விளக்கத்தை விட நல்லா இருக்கு" என்று சிரித்தார். "ஆனா ஒரு சிக்கல். இதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு பெல்ல அழுத்தும். இன்னொண்ணு பெல் மேல கைய வச்சு மறைச்சுக்கும். தானும் அழுத்தாது, மத்தவங்களயும் அழுத்த விடாது. ஆஸ்பத்திரி டெஸ்ட், உங்க ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு சொல்லும். எந்த வகைன்னு சொல்லாது."

"நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

அவருடைய கூடத்தில் கண்ணாடித் தட்டுகளில் செல்களை வளர்க்கிறார்கள். அந்த செல்களின் மேல் மனித ஏற்பியைப் பொருத்தி, பெல் அழுத்தப்பட்டால் உள்ளே ஒரு துளி வெளிச்சம் உண்டாகும்படி செய்திருக்கிறார்கள். என் ரத்தத்தின் தெளிந்த நீரை அதில் விட்டால், செல்கள் ஒளி தருகின்றனவா என்று பார்க்கலாம். அந்த வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானதாம். ஒரு யந்திரம்தான் அளக்கும். மின்மினி மாதிரியா என்று கேட்டேன். மின்மினியிடமிருந்துதான் அந்த ரசாயனத்தைக் கற்றுக்கொண்டார்கள் என்றார். எனக்குப் பிடித்துப்போயிற்று. கையை நீட்டினேன்.

அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: இது ஆராய்ச்சி, உங்கள் வைத்தியத்தை இது முடிவு செய்யாது.

மாத்திரை தொடங்கியதும் துடிப்பு இறங்கியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் முழுதாக இறங்கி நிற்கவில்லை. அதற்கு மேல், ஒரு ஸ்கேனில் கழுத்து வீக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. மறுபடியும் வார்டு, அதே கட்டில்; இரட்டைப் பிள்ளைக்காரர் இன்னும் பக்கத்தில்தான் இருந்தார். இந்த முறை டாக்டர் லிம் உட்கார்ந்து பேசினார், அவர் உட்கார்ந்தாலே எனக்குப் பயம்.

வீக்கத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். மாத்திரை போதாமல் எதிர்ப்பொருள் இன்னும் சுரப்பியை விரட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது மாத்திரை அதிகமாகிப் போய், அடக்கப்பட்ட சுரப்பி எப்படியாவது சுரக்க வேண்டும் என்று முயன்று வீங்கியிருக்கலாம். ஒன்றுக்கு மாத்திரையைக் கூட்ட வேண்டும். மற்றதற்குக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிள்ளைக்கு ஆபத்து. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி, வயிற்றின் வழியே மெல்லிய ஊசியை விட்டுத் தொப்புள்கொடியிலிருந்து பிள்ளையின் ரத்தத்தை எடுத்துப் பார்ப்பது.

"அதுல பிள்ளைக்கு ஆபத்து இருக்கா?" என்று அருள் கேட்டார்.

"இருக்கு. கொஞ்சம்தான். ஆனா இருக்கு."

அருள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே கார் நிறுத்துமிடத்தைத் தவிர ஒன்றும் இல்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயிற்றில் கை வைத்தேன். அவள் உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாள். அந்த வாரங்களில் அவள் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. மற்றத் தாய்மார்கள் பிள்ளை அசையவில்லை என்று பயப்படுவார்கள். எனக்கு அவள் கொஞ்சம் தூங்கினால் போதும் என்றிருந்தது.

"உங்க பிள்ளையா இருந்தா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?" என்றேன்.

நாளை காலை மற்ற நிபுணர்களோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். அன்று சாயங்காலம் அருள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஊசி போட்டா போடட்டும், எஸ்தர். நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றார். "வேணாம்னு சொன்னா வேணாம். நீ எது சொன்னாலும் சரி." எனக்கு எது வேண்டும் என்றே தெரியவில்லை. முடிவைச் சுமக்கத் தயாராக இருக்கிறேன் என்று அவர் சொன்னதே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை டாக்டர் லிம் ஒரு பெரிய ஸ்கேன் யந்திரத்தில் தானே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளையின் கழுத்துச் சுரப்பிக்குள் ரத்தம் ஓடுவதைச் சிவப்பும் நீலமுமாக அந்தத் திரை காட்டியது. சுரப்பி முழுக்க நிறங்கள் நிறைந்திருந்தன. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"ரத்த ஓட்டம் சுரப்பியோட உள்பக்கம் வரைக்கும் அதிகமா இருக்கு. துடிப்பும் மேல் எல்லையிலயே நிக்குது. ரெண்டும் மாத்திரை போதலைங்கிற பக்கம்தான் காட்டுது. இன்னொண்ணும் சொல்றேன். காலையில டாக்டர் பவானி கூப்பிட்டாங்க. உங்க ரத்தம் விட்ட தட்டுல செல்லுங்க ரொம்ப வெளிச்சமா இருந்துச்சாம். அழுத்துற வகைதான். அத மட்டும் வச்சு நான் மருந்து குடுக்க மாட்டேன். ஆனா மூணும் ஒண்ணா இருக்கறப்ப, ஊசிய ஒத்தி வைக்க எனக்குத் தைரியம் இருக்கு. மாத்திரையக் கூட்டுவோம். ஒரு வாரம் பாப்போம்."

அந்த ஒரு வாரம் நான் வார்டிலேயே இருந்தேன். கூடுதல் மாத்திரையை முதல் முறை கையில் வாங்கியபோது கொஞ்சம் தயங்கினேன். தப்பாக இருந்தால்? பக்கத்துக் கட்டில்காரி கோப்பையை உயர்த்தினார். விழுங்கினேன். மாமா தினமும் வந்தார்; பேசுவதில்லை, தொண்டையைக் கூடக் கனைப்பதில்லை. ஆரஞ்சு உரித்து, நாரையெல்லாம் எடுத்து, சுளை சுளையாக வைத்துவிட்டுப் போவார்.

வாரம் முடியும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, உள்ளே அசைவு நின்றது. பதறிப்போய் மிஸியைக் கூப்பிட்டேன். அவள் கருவியை வைத்துக் கேட்டாள். அதே குதிரை, ஆனால் இப்போது ஓடவில்லை, நடந்தது. நூற்று நாற்பது. "பிள்ளை தூங்குது, அக்கா" என்றாள். நான் அந்தச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் நேரம் கேட்கிறேன் என்று கெஞ்சினேன். அவளுக்கு வேறு வேலை இருந்தது. இருந்தும் கருவியை எடுக்காமல் நின்றாள். ஸ்கேனில் வீக்கமும் குறையத் தொடங்கியிருந்தது. ஊசிப் பேச்சு அதோடு நின்றது.

சாரா கொஞ்சம் முன்னதாகவே, மருந்து வைத்து வலி வரவழைத்து, நல்லபடியாகப் பிறந்தாள். எடை குறைவு, முடி மட்டும் நிறைய. அவளைக் கையில் வாங்கிய மாமா, "சுறுசுறுப்பா இருக்கா" என்று கிசுகிசுத்தார். டாக்டர் லிம், இனிமேல் சத்தமாகப் பேசலாம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. இதையும் முன்பே சொல்லியிருந்தார்கள். பிரசவத்தோடு எனக்கு அந்த மாத்திரை நின்றுவிட்டது. என்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்த மருந்து சில நாட்களில் உடம்பைவிட்டுப் போய்விடும். எதிர்ப்பொருள் சில மாதம் தங்கும். அதனால் பிறந்த அன்று அமைதியாக இருந்த பிள்ளை, அந்த வாரக் கடைசிக்குள் மாறினாள். கண்ணை அகல விழித்துக்கொண்டே இருந்தாள். பாலை முட்டி முட்டிக் குடித்தாள், விட்டதும் மறுபடி வீரிட்டாள். அவ்வளவு குடித்தும் எடை இறங்கியது. எனக்கு அது அந்நியமாகவே இல்லை. இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சாப்பிட்டும் பசித்த அதே பசி. அவளைப் பார்க்கும்போது என்னைப் பார்ப்பது போலிருந்தது. அதனாலேயே அவள் மேல் பரிதாபத்தோடு ஒரு கூட்டாளித்தனமும் வந்தது.

பச்சைப்பிள்ளைகளுக்கான தனி வார்டில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது அவளே மாத்திரை சாப்பிட வேண்டும். நுணுக்கித் தண்ணீரில் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் துளித்துளியாகக் கன்னத்து ஓரம் விட வேண்டும். எனக்குக் கை நடுங்கியது, இந்த முறை நோயினால் அல்ல. அருள் கற்றுக்கொண்டார். தொழிற்சாலையில் நுணுக்கமான பாகங்களைக் கையாளுகிற விரல்கள். ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "வாயத் தொறங்க, மேடம்" என்பார். அவள் அவருக்கு மட்டும் துப்பாமல் விழுங்கினாள்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் எங்களை நசுக்கவில்லை. தோட்டத்து மேனேஜர் லீவு கொடுத்தார். ஆபீசில் மற்றவர்கள் என் வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது என்பது எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை, அவள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பொருள் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் உடம்பு அதைத் தயாரிப்பதில்லை. என்னிடமிருந்து கொண்டுபோனது செலவாகித் தீர்ந்தாக வேண்டும். மருந்தையும் அதற்கேற்பக் குறைத்தார்கள். பவானி ஒரு தரம் கிளினிக்குக்கு வந்து அவளைத் தூக்கிப் பார்த்தார். பிரசவத்தின்போது எடுத்த தொப்புள்கொடி ரத்தத்தில் கொஞ்சம் அவர்கள் கூடத்தில் உறைய வைத்திருக்கிறார்களாம். எதிர்ப்பொருள் அந்த ஏற்பியை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் மறைக்கிற மருந்து ஒரு நாள் வரலாம், அதற்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்றார். அவர் அவளைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வைத்திருந்ததைப் பார்த்தேன். தட்டில் வெளிச்சமாகத் தெரிந்ததைக் கையில் பிள்ளையாகத் தூக்குவது அவருக்கு அடிக்கடி வாய்க்காது போலும்.

எனக்கு எதிர்ப்பொருள் இன்னும் இருக்கிறது. இன்னொரு பிள்ளை என்றால் இதையெல்லாம் மறுபடி கவனிக்க வேண்டும் என்று டாக்டர் லிம் சொல்லியிருக்கிறார். வேண்டுமா என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் அது பயத்தினால் தள்ளிப்போடுகிற பேச்சு அல்ல. என்ன பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும். உங்களுக்கும் கழுத்தில் தழும்பு இருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏன் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் கடைசி முடிவு வந்தது. சாராவின் ரத்தத்தில் அந்த எதிர்ப்பொருள் இல்லை. பிள்ளைகள் டாக்டர் மருந்தை முழுதாக நிறுத்தினார். அவள் எடை, அவள் வயதுப் பிள்ளைகளின் கோட்டைத் தொட்டிருந்தது. நாங்கள் மூவரும் கிளம்பினோம். பாதி வழியில் அவள் வீரிட்டு அழத் தொடங்கினாள். அருள் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். மருந்து நிறுத்தின முதல் நாள், எங்கள் இருவர் மனதிலும் ஒன்றேதான்.

"மருந்து நிறுத்துனதாலயா?"

நான் அவள் மார்பில் கை வைத்துப் பார்த்தேன். நிதானமாக அடித்தது. கையும் காலும் நடுங்கவில்லை. பால் கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று யோசித்தேன். கிளினிக்கில் பேசிக்கொண்டே மறந்துவிட்டிருந்தோம்.

"இல்லங்க. சும்மா பசிலா."

அருள் ஓரமாக ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார். அவள் குடித்தாள், அவசரமில்லாமல், நடுவில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி குடித்தாள். வயிறு நிறைந்ததும் தானாகவே வாயை எடுத்துக்கொண்டு தூங்கிப்போனாள். அந்தப் பசி முழுக்க முழுக்க அவளுடையது. நாங்கள் அவள் எழுந்திருக்கும் வரை காரை எடுக்கவில்லை.